ஏழு மணி மருந்து

ஒரு குரு இருந்தார் என்று ஆரம்பித்தால் நீங்கள் மலையையும் ஆசிரமத்தையும் தேடுவீர்கள். அதெல்லாம் கிடையாது. எங்கள் குரு மாயவரத்தில் இருக்கிறார். போன வாரம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். பெயர் தையல்நாயகி, வயது முப்பத்தேழு. காலையில் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஜனங்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுப்பார். வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். கேள்வி கேட்போம். பாதி நாள் பதில் வராது. வந்துவிட்டால் வீட்டுக்குப் போய் ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

நாங்கள் எல்லாருமே அவரைவிட மூத்தவர்கள். நாங்கள் அவரை அம்மா என்போம், அவர் எங்களை அக்கா என்பார். "ஒரு சின்னப் பொண்ணு முன்னால போய்க் கைகட்டி உட்கார்றியே, வெக்கமா இல்ல?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் தெய்வானை. இந்தக் கதையில் நான் நல்லவள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மகாளய அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை. கனகவல்லி வாயைத் திறந்தாள். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி, நாற்பத்தாறு வயது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் நித்திலா. அதற்கு எட்டு வயசு. பிறந்ததிலிருந்தே வலிப்பு. நடக்காது. பேச்சும் ரெண்டு மூணு வார்த்தைதான். சோற்றை மசித்துச் சின்ன ஸ்பூனால் ஊட்ட வேண்டும், ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் புரையேறிவிடும். காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் மருந்து. ஒருதரம் மருந்து தப்பிப்போய்ப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது அந்தக் குழந்தை.

"அம்மா, எனக்குப் பொறுமை வேணும்" என்றாள் கனகவல்லி.

"எவ்வளவு வேணும்?" என்று கேட்டார் குரு.

"ஒன்பது நாளைக்கு."

"எதுக்கு அக்கா?"

"கொலு வருதும்மா."

அவர்கள் வீட்டுக் கொலு எங்கள் தெருவிலேயே பெரிசு. ஏழு படி. மாமியார் வைத்த கொலு. மாமியார் போய் ஆறு வருஷமாகிறது, ஒரு படி குறையவில்லை. நவராத்திரி வந்தால் நாத்தனார் சகுந்தலா திருவாரூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிவிடுவாள். தினமும் ஒரு சுண்டல், சாயங்காலமானால் வீடு நிறையப் பெண்கள். வந்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி.

"இந்த வருஷம் வைக்காம இருந்தா என்ன?" என்றார் குரு.

"கேட்டுப் பார்த்தேம்மா. குழந்தை இருக்கிற வீட்டுல கொலுவை நிறுத்தினா குழந்தைக்கு ஆகாதுன்னுட்டாங்க நாத்தனார்."

"மூணு படி வைக்கிறது?"

"உடம்பு வணங்கலைன்னு நேரா சொல்லு கனகான்னாங்க."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அக்கா மனசு நோகாம பார்த்துக்கன்னார்."

குரு கனகவல்லி பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். கீழே தெருவில் யாரோ கீரை கூவிக்கொண்டு போனார்கள்.

"தினமும் பார்க்கிறேன் அக்கா. பாதிப் பேர் மனுவைத் தப்பான ஆபீசுக்கு எழுதிக்கிட்டு வருவாங்க. குழாயில தண்ணி வரலைன்னா கரண்டு ஆபீசுக்கு. நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கீங்க."

"புரியலைம்மா."

"இது எனக்கு எழுத வேண்டிய மனு இல்ல. கேக்க வேண்டியதும் பொறுமை இல்ல."

கனகவல்லி விழித்தாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

"கொலுவுக்கு என்னைக் கூப்பிட மாட்டீங்களா?" என்றார் குரு.

"ஐயோ, என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? வெள்ளிக்கிழமை அவசியம் வாங்க. அன்னிக்கு அஞ்சாம் நாள்."

படியிறங்கும்போது என் காதோடு கனகவல்லி சொன்னாள். "நல்லா இருக்கு போ. பொறுமை கேட்டேன், இன்னொரு விருந்தாளி கிடைச்சாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை கொலு ஆரம்பித்தது. நான் தினமும் போனேன். பக்கத்து வீடாயிற்றே, போகாமல் இருப்பேனா?

சகுந்தலா கொலுவுக்கு நேராக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் பொம்மைகளின் பூர்வீகம் சொல்வாள். இது அம்மா காஞ்சிபுரத்தில் வாங்கியது, இது அப்பா பண்ருட்டியில் வாங்கியது என்று. எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்து நான் பார்க்கவில்லை. "நேத்து சுண்டல்ல உப்பு ஒரு கல்லு கம்மி கனகா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

உள்ளே கனகவல்லி. விடிகாலையில் கடலை வேகவைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, ஒரு மணி நேரம் ஊட்டி, வீடு மெழுகி, கோலம் போட்டு, மறுபடி ஊட்டி, தேங்காய் துருவி, தாளித்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சிரித்த முகமாக வாசலில் நிற்க வேண்டும். ராத்திரி குழந்தை தூங்கினாலும் இவள் தூங்க முடியாது. வலிப்பு சத்தம் போட்டுக்கொண்டா வரும்? பக்கத்தில் படுத்து மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டும்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் போனோம். போய் என்ன சொன்னோம் தெரியுமா? "கனகவல்லி மாதிரி வருமா? பொறுமையில பூமாதேவி" என்றோம். ஆளுக்கு ஆள் சொன்னோம். நான் அதைச் சொன்னபோது என் வாயில் அவள் வீட்டுப் பட்டாணிச் சுண்டல் இருந்தது. இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்தலாம் போல வருகிறது.

மூன்றாம் நாள் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்தேன். கையில் கரண்டியோடு ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டதும் பதறிப்போனாள். "ஒண்ணுமில்லக்கா, லேசா கண்ணசந்துட்டேன்" என்றாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வெளியே வந்து, எல்லாரும் கிளம்புங்கடி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "எங்க வீட்டுச் சின்னவனுக்கு ஒரு பொட்டலம் சுண்டல் கட்டிக் கொடேன்" என்றேன். அவளும் கட்டிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை வகுப்புக்கு அவள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டமான கூட்டம். ஜமக்காளத்தில் இடம் போதாமல் வாசல்வரை பெண்கள் நின்றார்கள். ஏழரை மணிக்குக் குரு வந்தார், கையில் ஒரு முழம் பூவோடு. கனகவல்லி தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து குங்குமத்தை நீட்டினாள்.

குரு குங்குமத்தை எடுக்கவில்லை. "குழந்தை எங்க அக்கா?" என்றார்.

"உள்ள படுத்திருக்கா."

"மருந்து கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சும்மா" என்றாள். சொன்ன வாய் மூடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கொடுத்தேன். பாட்டிலைத் திறந்தேன். சிரிஞ்சுல இழுத்தேன். அது இன்னிக்கா, நேத்தா? அம்மா, எனக்குத் தெரியலையே!"

தட்டு சாய்ந்து வெற்றிலையெல்லாம் தரையில் கொட்டியது. கொடுக்காமல் விட்டிருந்தால் வலிப்பு வரும். கொடுத்திருந்து மறுபடி கொடுத்தால் அளவு மீறிப்போய் மூச்சு மந்தமாகிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டில் எது நடந்தது என்று பெற்ற தாய்க்கே தெரியவில்லை. அந்த ஒருதரத்துக்குப் பிறகு ஒரு நாள் தவறாதவள்.

"சிரிஞ்சு எங்கே?" என்றார் குரு.

"மருந்து அலமாரியில இருக்கும்."

போய்ப் பார்த்தாள். இல்லை. குழந்தையின் தலைமாட்டில் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

அப்போதுதான் நான் கொலுவைத் திரும்பிப் பார்த்தேன்.

கொலுவில் ஒரு செட்டியார் கடை உண்டு. செட்டியாரும் செட்டியாரம்மாவும் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் குட்டிக்குட்டியாகக் குவித்திருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஏழே காலுக்கே நான் அதைப் பார்த்துவிட்டேன். அரிசிக் குவியலுக்கும் பருப்புக் குவியலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சு. ஊசி கிடையாது. மருந்தை இழுத்துக் குழந்தையின் கன்னத்தோரமாகச் சொட்டுச் சொட்டாக விடுகிற சிரிஞ்சு. "அட, செட்டியார் மருந்துக்கடையும் வச்சுட்டாரே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

கையை நீட்டிக் காட்டினேன்.

சிரிஞ்சு நிறைய மருந்து அப்படியே இருந்தது. ஏழு மணிக்கு மருந்தை எடுத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டியிருக்கிறாள். யாரோ ஒருத்தி, கிளம்புறேன், குங்குமம் கொடு என்றிருக்கிறாள். கைக்கு எட்டிய படியில் வைத்துவிட்டுத் தட்டைத் தூக்கியிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது.

கனகவல்லி அதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். குருவும் நானும் பின்னால் போனோம். நித்திலாவின் உதடு ஒரு பக்கமாகத் துடித்துக்கொண்டிருந்தது. கண் மேலே செருகப் பார்த்தது. குரு தலையைத் தாங்கிப் பிடித்தார். கனகவல்லி மருந்தைக் கன்னத்தோரமாக விட்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மாரியம்மா, மாரியம்மா என்று நான் முணுமுணுத்தேன்.

பத்து நிமிஷம் இருக்கும். துடிப்பு அடங்கியது. கண் இறங்கியது. "ம்மா" என்றது குழந்தை. கனகவல்லி அதன் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து சகுந்தலாவின் குரல் வந்தது.

"கனகா! ஆறு பேர் கிளம்பி நிக்கிறாங்க. வெத்தலை பாக்கு கொடுக்கிறதுக்கு ஆளு வேணாமா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா வந்தவங்களை இப்படியா நிறுத்தி வைக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷிதானா இவள்? தட்டு கொட்டியதைப் பார்த்தவள், ஓடியதைப் பார்த்தவள், குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கனகவல்லியோ அந்தக் குரல் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்க்கிறாள்! அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

குரு அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். தான் எழுந்து கூடத்துக்குப் போனார்.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். குரு நேராகக் கொலுவுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் கொலு என்றால் மரப்பாச்சி ஜோடி கட்டாயம் இருக்கும், ராஜாவும் ராணியுமாக மரப் பொம்மைகள். விஜயதசமி ராத்திரி ஆரத்தி எடுத்துவிட்டு ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம். படுக்க வைத்துவிட்டால் கொலு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் கொலுப் பார்க்க வர மாட்டார்கள். அதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

குரு மரப்பாச்சி ராணியை எடுத்தார். கீழ்ப்படிக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்.

சகுந்தலா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். அத்தனை நாளில் அவள் எழுந்து அப்போதுதான் பார்க்கிறேன்.

"என்ன பண்றீங்க? யாரு நீங்க? அஞ்சாம் நாள் பொம்மையைப் படுக்கப் போட்டா ஆகாதுன்னு தெரியாதா?"

"யாருக்கு ஆகாது?" என்றார் குரு. குரல் ஏறவே இல்லை.

"குழந்தைக்குத்தான் ஆகாது!"

"சரி. அப்ப எழுப்பி வைங்க. யார் வேணும்னாலும் எழுப்பலாம். ஒண்ணே ஒண்ணு. ஏழு மணிக்கு அந்தக் குழந்தைக்கு என்ன மருந்து, எவ்வளவுன்னு சொல்லிட்டு எழுப்புங்க."

யாரும் அசையவில்லை. பட்டுப்புடவைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. எனக்கு மட்டும் தெரியுமா? எட்டு வருஷம் பக்கத்து வீடு. குழந்தைக்கு எந்தச் சுண்டல் ஆகாது என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் கனகவல்லியின் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி கடைத்தெருவிலிருந்து வந்தார், கையில் வெற்றிலைக் கட்டோடு. கணக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரின் மார்க்கையும் புத்தகம் பார்க்காமல் சொல்லுவார்.

"தம்பி, பாருடா இந்த அநியாயத்தை! அதை எடுத்து நிமிர்த்தி வை" என்றாள் சகுந்தலா.

அவர் பொம்மையிடம் குனிந்தார்.

"எத்தனை மில்லி சார்?" என்றார் குரு.

"எது?"

"உங்க பொண்ணோட ஏழு மணி மருந்து."

நீட்டிய கை நீட்டினபடியே நின்றது. "அது... கனகாவுக்குத் தெரியும்" என்றார்.

"அவங்களுக்கு இன்னிக்குத் தெரியலை. அதனாலதான் உங்களைக் கேக்கிறேன்."

யாரோ ஒருத்தி மெதுவாக அவர் காதில் சிரிஞ்சு விஷயத்தைச் சொன்னாள். அவர் திரும்பிச் செட்டியார் கடையைப் பார்த்தார். வெற்றிலைக் கட்டைக் கீழே வைத்தார். பேசாமல் அலமாரிக்குப் போய் மருந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "நாலு மில்லி. காலை ஏழு. மாலை ஏழு." முதல்முறை படிக்கிறவர் குரலில் படித்தார். எட்டு வருஷம் கழித்து! நாலு மில்லியாம்! எனக்கு அழுகையும் வந்தது, அடித்துவிடலாம் போலவும் வந்தது.

"இப்ப நான் எழுப்பி வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அவங்களைக் கேளுங்க" என்றார் குரு.

கனகவல்லி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். குழந்தை தூங்கிவிட்டது. படுத்திருந்த ராணியைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அம்மா, இன்னும் அஞ்சு நாள் இருக்கேம்மா. தெய்வக்குத்தமாயிடாதா? அவ நிக்க வேணாமா?"

"நிக்கட்டுமே அக்கா. நீங்களே எழுப்புங்க. ஆனா அந்த இடத்துல நீங்க படுக்கணும். ரெண்டு பேர்ல ஒருத்தி படுத்தாகணும்."

கனகவல்லி நாத்தனாரைப் பார்த்தாள். வீட்டுக்காரரைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குருவிடம் இன்னொரு கேள்வி கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

போய் ராணியை இரண்டு கையாலும் எடுத்து அந்தக் கீழ்ப்படியிலேயே நிமிர்த்தி வைத்தாள். படிக்கு முன்னால் ஜமக்காளத்தில், அத்தனை பேர் பார்க்க, பட்டுப்புடவையோடு, கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் தானாக நகர்ந்து வழிவிட்டார்கள். கண்ணை மூடினதுதான் தெரியும். அடுத்த நிமிஷம் குறட்டை.

தட்சிணாமூர்த்தி மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே குழந்தை இருந்த அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

வாசலில் புதிதாக நாலு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சகுந்தலா வாசலைப் பார்த்தாள். தரையில் தூங்குகிறவளைப் பார்த்தாள்.

"இவ இப்படிப் படுத்துட்டா, வர்றவங்களுக்கெல்லாம் யாரு தாம்பூலம் கொடுக்கிறது?" என்றாள்.

குரு சிதறிக் கிடந்த வெற்றிலைகளைப் பொறுக்கித் தட்டில் அடுக்கினார். தட்டை அவள் கையில் வைத்தார்.

"நிக்கிறவங்க" என்றார்.